மச்சாளின் பத்தியம்

என் கழுத்தை வெட்டியவர் ஒரு டொக்டர். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் என் வயிற்றில் அடித்தவர் என் மச்சாள், கணவருடைய மூத்த அக்கா. டொக்டர் மயக்க மருந்து தந்துவிட்டு வெட்டினார். மச்சாள் அதைக்கூடத் தரவில்லை.

மானிப்பாயில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளும் கலியாண வீட்டுச் சட்டைகளும் தைத்துத்தான் நான் உழைத்தேன். குனிந்த தலை நிமிராமல் இருந்ததற்குக் கழுத்து பழிவாங்கியது. முதலில் தோள் வலித்தது. பிறகு வலதுகைப் பெருவிரலும் சுட்டுவிரலும் விறைக்கத் தொடங்கின. ஒருநாள் கத்தரிக்கோல் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு துணியை வெட்டப் போனேன். அது என் காலடியில் கிடந்தது. விழுந்த சத்தம் கேட்டிருக்கும், ஆனால் கைக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

முன்கழுத்தில் வெட்டி, நரம்பை நெரித்துக்கொண்டிருந்த சவ்வை எடுத்து, அந்த இடைவெளியில் ஒரு துண்டு எலும்பை வைத்து, தகடும் ஆணியும் போட்டு இறுக்கினார்கள். டொக்டர் வெளிநாட்டில் இருக்கும் என் மகளின் வயதுக்காரி, மகளைப் போலவே சுருக்கமாகக் கதைப்பவர். வீட்டுக்கு அனுப்பும்போது என் கட்டிலருகே நின்று சொன்னார்.

"தகட்டையும் ஆணியையும் நான் வைச்சிட்டன் அம்மா. அது சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கத்தான். மேலெலும்பையும் கீழெலும்பையும் ஒட்டவைக்கிறது உங்கட உடம்புதான். முட்டை, மீன், பால், பருப்பு, கீரை எல்லாம் வடிவாய்ச் சாப்பிடுங்கோ. காலமை வெயிலிலை நடவுங்கோ. பாரம் தூக்கக்கூடாது. வீட்டிலை ஆரும் சிகரெட் பத்தக்கூடாது. எலும்பு பிடிக்கேல்லையெண்டா, பேந்து பின்கழுத்திலை வெட்டவேண்டி வரும். அப்ப கை திரும்புமெண்டு நான் சொல்லமாட்டன்."

கை திரும்புமெண்டு சொல்லமாட்டன். இந்த ஒரு வசனம்தான் வீடுவரை என் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. மற்றதையெல்லாம் கேட்டுவைக்க வேண்டிய என் கணவர் அந்த நேரம் ஓட்டோக்காரனோடு போனில் கதைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு விளங்கியது சிகரெட் மட்டும். அதற்குப் பிறகு கேற்றுக்கு வெளியே போய்ப் பற்றினார். அதுவும் என் எலும்புக்காக இல்லை, தமக்கையின் வாய்க்குப் பயந்துதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

தமக்கை தென்மராட்சியிலிருந்து எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார். ஒரு பையில் உடுப்பு. மற்றப் பையில் மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி. நான் கழுத்துப்பட்டியோடு வாசற்படி ஏறும்போதே குசினியில் அம்மியில் சரக்கு அரைபட்டுக்கொண்டிருந்தது. என் வீட்டில் மிக்ஸி இருக்கிறது. அதை அவர் துணியால் மூடி மூலையில் வைத்திருந்தார்.

"மூண்டு மாசத்துக்குப் பத்தியம்," என்றார். வாரும், எப்பிடி இருக்கிறீர் என்றொரு வார்த்தை இல்லை.

நியாயத்தைச் சொல்லவேண்டும். முதல் இரண்டொரு கிழமை எனக்குத் தொண்டையால் எதுவும் இறங்கவில்லை. தண்ணீர்கூடத் தடக்கித் தடக்கித்தான் போனது. அந்த நேரம் அவருடைய கஞ்சியும் குழையல் சோறும்தான் என்னைத் தாங்கின. ஆனால் தொண்டை திறந்த பிறகும் கஞ்சி நிற்கவில்லை. முட்டை கேட்டேன். முட்டை கிரந்தி என்றார். சூடை மீன் கேட்டேன். அதுவும் கிரந்தி. இறாலும் கணவாயும் என்ன பாவம் செய்தன என்று கேட்டதற்கு, அதுகளின்ரை பேரையும் புண்ணோடை இருக்கிற ஆள் சொல்லக்கூடாது என்றார். தயிர் குளிர்மை, பால் சளி, உழுந்து வாய்வு, கத்தரிக்காய் கடி. கிரந்தி என்றால் தின்ற உடனே புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் சாப்பாடு என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. எது கிரந்தி, எது இல்லை என்ற பட்டியல் எங்கள் பெண்களின் தலைக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வீடு மாறும், மாமிக்கு மாமி மாறும். மச்சாளின் தலைக்குள் இருந்ததுதான் இந்தக் குடாநாட்டிலேயே மிக நீளமானது என்று நினைக்கிறேன்.

மிஞ்சியது சோறு, மிளகும் சீரகமும் கரைத்த தண்ணீரில் நாலு துண்டு முருங்கைக்காய். மனது இரங்கிய நாளில் ஒரு திரளி மீன், என் சுண்டுவிரல் அளவு. கழுத்துப்பட்டியோடு குனிந்து சாப்பாட்டுக் கோப்பையைப் பார்க்க முடியாது. நான் கோப்பையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். தூக்கிப் பார்க்க அதில் ஒன்றும் இருக்காது. திரும்ப இறக்கி வைப்பேன்.

சாப்பாட்டோடு விட்டாரா? காற்றுப் படும் என்று யன்னலைச் சாத்தினார். வெயில் பட்டால் சூடு ஏறிப் புண் பழுக்கும் என்று விறாந்தைக்கே விடவில்லை. காதைச் சுற்றித் துவாய் கட்டினார். கழுத்தில் பட்டி, காதில் துவாய், பூட்டிய அறை. கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது, ஊறுகாய் போட்டு வாய்கட்டி வைத்த சாடிதான் நினைவுக்கு வந்தது. சிரிக்கவும் கழுத்து விடவில்லை.

காலையில் மீன்காரன் மோட்டார் சைக்கிளில் ஹோன் அடித்துக்கொண்டு ஒழுங்கையால் போவான். "மயிலிட்டிச் சூடை, உயிர்ச்சூடை" என்று அவன் கத்துவது பூட்டிய யன்னலுக்கூடாகவும் கேட்கும். மச்சாள் வாங்குவார். பொரிப்பார். வாசம் அறைக்குள் வரும், மீன் வராது. அது என் கணவருக்கு. அவருக்காகவே வாங்கிய முட்டைகளும் இருந்தன. ஒருநாள் என் முன்னாலேயே இரண்டு அவித்த முட்டையைப் புட்டோடு பிசைந்து சாப்பிட்டார். எலும்பு முளைக்கவேண்டியவள் நான், முட்டை தின்கிறவர் அவர்.

"இஞ்சரும், நான் என்ன செய்யிறது? அக்கா சொன்னா சொன்னதுதான்," என்றார் வாயில் முட்டையோடு. கலியாணம் கட்டிய காலத்திலிருந்து அவரிடம் நான் பொறுத்துக்கொண்ட எதையும் அந்த முட்டையளவு வெறுத்ததில்லை.

பார்க்க வந்தவர்கள் இன்னொரு கூட்டம். பால்மாப் பேணியும் பிஸ்கற்றுமாக வருவார்கள். எனக்குத் தலை திரும்பாது என்று தெரிந்தும் பக்கவாட்டில் போய்க் கதிரையில் இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் நான் கதவு திரும்புவது போல முழு உடம்போடும் திரும்பவேண்டும். போகும்போது பத்தியத்தில் இன்னொன்றைச் சேர்த்துவிட்டுப் போவார்கள். பூசணிக்காயும் குடுக்கவேண்டாம் என்று ஒருத்தி. வாழைப்பழம் கூடாது என்று மற்றவள். மச்சாள் தலையாட்டி எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார். கொண்டுவந்த பால்மாவில் தேத்தண்ணி போட்டு அவர்களுக்கே கொடுப்பார்.

நான் காலையில் எழும்பியதும் ஒரு காரியம் செய்வேன். மெஷின் லாச்சியிலிருந்து எடுத்து வைத்திருந்த சட்டைப் பொத்தான் ஒன்றைச் சின்னத் தட்டில் போட்டு, வலதுகையால் எடுக்கப் பார்ப்பேன். பெருவிரலும் சுட்டுவிரலும் அதை நெருங்கும், தொடும், நழுவவிடும். பொத்தான் எடுபடாத நாள்களில் நான் வாயைத் திறந்தால் நெருப்புத்தான் வரும். எனக்குத் தொழில் போகும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், சாகும்வரை இந்த மச்சாளின் கையால் சாப்பிடவேண்டி வருமோ என்பது.

"டொக்டர் முட்டை சாப்பிடச் சொன்னவ," என்று ஒருநாள் கத்தினேன். கத்தினேன் என்பது என் எண்ணம். தொண்டைக்குள்ளிருந்து வந்தது கீச்சுக் குரல்.

"டொக்டர்மார் வெட்டிப்போட்டுப் போவினம். புண்ணோடை கிடந்து மாரடிக்கிறது நாங்கள்," என்றார் மச்சாள். "உமக்கென்ன தெரியும்?"

அவருக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

சண்டைக் காலத்தில், இடம்பெயர்ந்து போய்த் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கிடந்தபோது, அவருடைய கணவருக்குக் காலில் ஷெல் துண்டு பட்டது. மேசையில் கிடத்தி வெட்டி எடுத்தார்கள். காயத்துக்குப் போட மருந்து இல்லை, கட்டத் துணியும் இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்து அந்த மனிதர் நண்டுக் கறி சாப்பிட ஆசையாய் இருக்கிறது என்றார். மச்சாள் எங்கேயோ அலைந்து நாலு நண்டு வாங்கிக் கறி வைத்துக் கொடுத்தார். கால் சீழ் பிடித்தது. காய்ச்சல் வந்தது. ஆள் போய்விட்டார். செத்தவீட்டில், பிணம் கிடக்கும்போதே, அவருடைய மாமி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "நண்டைத் தின்னக் குடுத்து என்ரை பிள்ளையைச் சாக்கொண்டுபோட்டாள்." அதற்குப் பிறகு அந்த ஊரில் அவருக்கு அதுதான் பெயர். கலியாண வீடுகளில் குசினிப் பக்கம் அவரை விடமாட்டார்கள். அவரும் நண்டைத் தொட்டதில்லை.

இது தெரிந்தவள்தான் நான். இரங்கியிருக்கவேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். பசித்துக் கிடந்து பாருங்கள், இரக்கம் எங்கே போகிறது என்று தெரியும். அவருடைய மாமி போட்ட பழிக்கு என் எலும்பு ஏன் பட்டினி கிடக்கவேண்டும்? அந்த நண்டு கதை என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல் விழுங்கினேன். நல்ல மனதினால் இல்லை. அவ்வளவு நீளமாகக் கதைக்கத் தொண்டை விடவில்லை.

மூன்றாம் மாதம் எக்ஸ்ரே படம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணவர், நான், மச்சாள். துவாயை நான் ஓட்டோவிலேயே கழற்றி எறிந்தேன். மச்சாள் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரத்தச் சோதனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தைத்த சட்டை என்னிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"எலும்பு நினைச்ச மாதிரி வளரேல்லை," என்றார். "என்னம்மா இது? உடம்பிலை சத்தே இல்லை. வெயிலாலை கிடைக்கிற சத்தும் இல்லை. யாழ்ப்பாணத்திலை இருந்துகொண்டு வெயில் காணாமல் எப்பிடி இருந்தனீங்கள்? என்ன சாப்பிடுறீங்கள்?"

"எல்லாம் குடுக்கிறம் டொக்டர்," என்றார் மச்சாள்.

"ஒண்டும் தரேல்லை," என்றேன் நான். மூன்று மாதம் சேர்த்து வைத்த குரல் அப்போதுதான் முழுதாக வந்தது. "கஞ்சி. முருங்கைக்காய்த் தண்ணி. யன்னல்கூடத் திறக்க விடேல்லை. முட்டையெல்லாம் இவர் சாப்பிடுறார்." கணவர் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை வாசிக்கத் தொடங்கினார். அது கர்ப்பிணித் தாய்மாருக்கானது.

டொக்டருக்குக் கோபம் வந்தது. "பத்தியமோ?" என்றார். "மூண்டு மாசமோ? அம்மா, நீங்கள் புண்ணைக் காக்கப் பாத்து எலும்பைப் பட்டினி போட்டிருக்கிறியள். புண் எப்பவோ ஆறிட்டுது. இன்னும் கொஞ்சக் காலம் பாப்பம். அதுக்குள்ளை பிடிக்கேல்லையெண்டா திரும்ப வெட்டத்தான் வேணும்."

வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன். அதே நேரம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு சந்தோசமும் இருந்தது. திரும்பி மச்சாளின் முகத்தைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. முழு உடம்போடும் திரும்பினேன்.

மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. டொக்டரையும் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப, நண்டாலை சீழ் பிடிக்காதோ?"

டொக்டர் அடுத்த ஆளின் படத்தைக் கையில் எடுத்திருந்தார். "நண்டாலை என்னண்டம்மா பிடிக்கும்? கிருமியாலைதான் பிடிக்கும். மருந்து குடுத்தா மாறும்."

"மருந்து இல்லாட்டி?"

"மருந்து இல்லாட்டி நண்டு குடுத்தாலும் பிடிக்கும், கஞ்சி குடுத்தாலும் பிடிக்கும்," என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். யாருக்கு என்ன பதில் சொன்னோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

வீடு வரும்வரை ஓட்டோவில் மச்சாள் மடியிலிருந்த துவாயை விரித்து மடித்து, திரும்ப விரித்து மடித்தார். வென்றவள் நான். ஆனால் வென்ற ருசியை அனுபவிக்க அந்த மனுசி விடவில்லை. பக்கத்தில் இருந்து துவாயை அப்படி மடித்துக்கொண்டிருந்தால் யாரால் சந்தோசப்பட முடியும்? அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த நாள் காலை என் கோப்பை மேசையில் டக்கென்று விழுந்தது. தூக்கிப் பார்த்தேன். இரண்டு அவித்த முட்டை.

"தின்னும். சீழ் பிடிச்சா என்னைக் கேக்கக்கூடாது," என்றார் மச்சாள்.

தின்றேன். அவர் எதிரே நின்று, நான் விழுங்குவதை, விழுங்கும்போது ஏறியிறங்கிய வெட்டுத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் பட்டியை விலக்கி, டோர்ச் அடித்து, விரலால் தழும்பைச் சுற்றி அமத்திப் பார்த்தார். அன்றைக்குத் தொடங்கியது, பிறகு காலைதோறும் டோர்ச். ஆறிக் காய்ந்த தழும்பில் என்ன தேடுகிறீர்கள் என்று நான் எரிந்து விழுவேன். "பொத்தும் வாயை" என்பார்.

வெயிலுக்கும் கூட்டிப் போனார். ஒழுங்கையில் என்னை வெயில் விழும் பக்கமாக நடக்கவிட்டு, தான் குடையோடு வேலி நிழலில் வருவார். சூடை மீனை முள்ளும் தலையும் மொறுமொறுவென்று பொரித்து வைப்பார். குரக்கன் மாப் புட்டு, முருங்கையிலை வறை, எள்ளுருண்டை, தயிர், பருப்பு. போதும் என்றால் முறைப்பார். பட்டினி போட்டபோது என்ன அதிகாரமோ, ஊட்டும்போதும் அதே அதிகாரம். உப்புக் குறைவு என்றால், "உமக்கு நாக்கு மட்டும் எப்பவோ பிடிச்சிட்டுது" என்பார். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். என் கணவர் கேற்றுக்கு வெளியே நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது.

பொத்தான் ஒருநாள் எடுபட்டது. மறுநாள் எடுபடவில்லை. பிறகு எடுபட்ட நாள்கள் கூடின. நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மச்சாள் தன் பெயரில் எழுதிக்கொள்வார் என்று தெரியும்.

அடுத்த படத்தில் எலும்பு பிடித்திருந்தது. டொக்டர் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். முதலில் கறுப்பாய் இருந்த கோடு வெண்மையாய்க் கிடந்தது. "பட்டியைக் கழட்டி எறியுங்கோ. இனித் திரும்ப வெட்டத் தேவையில்லை," என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மச்சாள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். அன்பாக இல்லை, கழுவிய கோப்பையைத் துடைப்பது போல.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? போனை எடுத்துக் கனடாவிலிருக்கும் சொந்தக்காரருக்குச் சொன்னார். "ஓம் ஓம், எலும்பு வடிவாய்ப் பிடிச்சிட்டுது. முதல் மூண்டு மாசம் பத்தியம் காத்த படியாலைதான்." என் காதுபடவே. இந்த மனுசியை நான் என்ன செய்வது? பட்டி இல்லாத கழுத்தைத் திருப்பி முறைத்தேன். திரும்பியது. அதற்காக ஒரு கணம் கோபத்தை மறந்துவிட்டு, இன்னொரு முறையும் திருப்பிப் பார்த்தேன்.

போனை வைத்துவிட்டு மச்சாள் என் கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிச் சந்தைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையிலிருந்த பை அசைந்தது. உயிர் நண்டு.

குசினியிலிருந்து வந்த வாசத்தை எப்படிச் சொல்வது? கறித்தூளும் புளியும் தேங்காய்ப்பாலும் கடைசியில் போட்ட முருங்கையிலையும். வழக்கமாகச் சமைக்கும்போது எல்லாரையும் திட்டிக்கொண்டு சமைப்பவர், அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை.

என் கோப்பையில் பெரிய நண்டின் காலை வைத்தார். "பல்லாலை கடியாதையும். கழுத்து. கையாலை உடையும்."

நண்டுக்கால் உடைப்பது பொத்தான் எடுப்பது போல இல்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து அழுத்தினேன். வழுக்கியது. திரும்ப அழுத்தினேன். ஓடு டக்கென்று உடைந்து சதை வெளியே வந்தது. தலையை நிமிர்த்தினேன். மச்சாள் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரும் இப்பிடித்தான் கையாலை உடைச்சவர்," என்றார். "திரும்பவும் கேட்டவர். நான் போட்டனான்."

"பசிச்ச மனுசனுக்குப் போடாமல் என்ன செய்யிறது?" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன், எனக்கு வேறு குரல் வராது. "உங்கட கையாலை அந்தாள் செத்ததில்லை மச்சாள். வயிறு நிறைஞ்சுதான் போனவர்."

மச்சாள் சட்டியைச் சுரண்டி, மிஞ்சியிருந்த ஒரு நண்டை எடுத்து, கொஞ்சநேரம் கரண்டியிலேயே வைத்திருந்தார். பிறகு அதைத் தன் கோப்பையில் போட்டு, என் முன்னால் இருந்து, சாப்பிடத் தொடங்கினார்.